மலைமேல் விடாமல் ஓடும் நெட்: சின்ன வயர்லெஸ் நிறுவனம் தொடங்குபவர்களுக்கு

ஏற்காடு டவுனுக்குள் வீடு இருந்தால் நெட்டுக்குப் பெரிய சிரமம் இல்லை. ஏதாவது ஒரு கம்பெனியின் ஃபைபர் வாசல் கம்பம் வரை வந்திருக்கும். நாகலூர், செம்மநத்தம், மாரமங்கலம் என்று உள்ளே போகப் போகக் கதை மாறும். காபித் தோட்டங்களுக்கு நடுவே இங்கே நாலு வீடு, ஓடையைத் தாண்டி அந்தச் சரிவில் ஆறு வீடு என்று விட்டுவிட்டுத்தான் இருக்கும். அந்த ஆறு வீட்டுக்காகக் கம்பம் நட்டு, கிளை வெட்டி, ஃபைபர் இழுத்தால் போட்ட காசு எப்போது திரும்பும் என்று எந்தக் கம்பெனியும் யோசிக்கும். வயர்லெஸ் இணைய நிறுவனம் என்ற சின்னத் தொழிலுக்கு இடம் இருப்பது இங்கேதான்.

தொழிலின் அடிப்படை எளிது. சேலத்திலோ ஏற்காடு டவுனிலோ ஒரு பெரிய நிறுவனத்திடம் மொத்தமாக நெட் வாங்குகிறோம். இரண்டு டிஷ்களை எதிரெதிரே திருப்பிவைத்து, அதை ஓர் உயரமான மேட்டுக்குக் கொண்டுபோகிறோம். மேட்டில் ஒரு டவர், இல்லாவிட்டால் நல்ல உயரமான இரும்புக் குழாய். அதில் சுற்றுவட்டாரத்தைப் பார்த்தபடி சில ரேடியோக்கள், அதாவது நெட்டை அலையாக அனுப்பி வாங்கும் கருவிகள். ஒவ்வொரு வீட்டுக் கூரையிலும் அந்த மேட்டைப் பார்த்து ஒரு சின்ன டிஷ். அதிலிருந்து ஒரு கேபிள் வீட்டுக்குள் இறங்கி வைஃபை ரவுட்டரில் சேர்கிறது. அவ்வளவுதான். கொஞ்சம் ஆர்வமுள்ள பையன்கள் இரண்டு பேர் இருந்தால் முதல் லிங்க்கை ஒரே வாரத்தில் எழுப்பிவிடலாம்.

சிரமம் அதற்கு அப்புறம்தான். முதல் கோடை இடி, முதல் ஐப்பசி மழை, முதல் நீண்ட கரண்ட் கட் வந்த பிறகும் அந்த லிங்க் ஓடுகிறதா என்பதுதான் கேள்வி. ஆன்லைன் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கும், காபி விலை பார்க்கும் விவசாயிக்கும், வெளியூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பெண்ணுக்கும் நெட் இருக்கிறது என்பதைவிட எப்போதும் இருக்கிறது என்பதுதான் முக்கியம். விலை உயர்ந்த ரேடியோ வாங்கினால் இது வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை வருவதில்லை. எது விழுந்தால் கூடவே எதெல்லாம் விழும் என்று தெரிந்துகொண்டு, சேர்ந்து விழுபவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தால்தான் வரும். கட்டுரை முழுக்க இந்த ஒரு விஷயத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் ஒரு கணக்கு

"எங்கள் லைன் 99 சதவீதம் ஓடும்" என்று ஒருவர் சொன்னால் கேட்க நன்றாக இருக்கிறது. வருடத்துக்கு 8,760 மணி நேரம். அதில் ஒரு சதவீதம் 87.6 மணி, அதாவது மூன்றரை நாளுக்கும் மேல் நெட் இருக்காது. 99.9 என்றால் வருடத்துக்கு 8 மணி 45 நிமிடம். 99.99 என்றால் 53 நிமிடம்.

இப்போது செம்மநத்தத்தில் இருக்கும் ஒரு வீட்டுக்கு நெட் வரும் வழியை எண்ணிப் பாருங்கள். சேலத்திலிருந்து வரும் லைன், முதல் டவரின் கரண்ட், அங்கிருந்து அடுத்த மேட்டுக்குப் போகும் லிங்க், அந்த மேட்டின் கரண்ட், கடைசியாக வீட்டுக்குப் போகும் ரேடியோ. ஐந்து இடம். ஐந்தும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக இருப்பதால் எது போனாலும் வீட்டில் நெட் போய்விடும். ஒவ்வொன்றும் 99 சதவீதம் ஓடினாலும், ஐந்தையும் பெருக்கினால் 95.1தான் வரும். வருடத்துக்குக் கிட்டத்தட்ட 18 நாள். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நல்ல நிலையில் இருக்கும். கஸ்டமர் மட்டும் மாதாமாதம் திட்டுவார்.

மறுபக்கமும் ஒரு கணக்கு உண்டு. 99 சதவீதம் ஓடும் லைன்கள் இரண்டை, ஒன்று போனால் மற்றது எடுத்துக்கொள்ளும்படி பக்கத்துப் பக்கமாக வைத்தால், இரண்டும் ஒரே நேரத்தில் போகும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. அதாவது 99.99. இரண்டு சாதாரண லைன் சேர்ந்து, ஒற்றை உயர்ரக லைன் தராததைத் தருகிறது. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் விழ வேண்டும். இரண்டு லைனும் ஒரே பேட்டரியில் ஓடினால், அந்தப் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குமோ அவ்வளவுதான் நம் நெட். இந்த நிபந்தனையை மறந்துதான் பலர் இரட்டைச் செலவு செய்தும் பலன் இல்லாமல் நிற்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது

5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவுக்கு எதிர்முனை நேராகத் தெரிய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு தெரிந்தால் போதாது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. ரேடியோ அலை நடுவில் உப்பிய, இரண்டு முனையிலும் ஒடுங்கிய ஓர் உருளை மாதிரியான இடத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஃபிரெனல் மண்டலம் என்று அதற்குப் பெயர். இரண்டு மேடுகளுக்கு இடையே 4 கிலோமீட்டர் லிங்க் என்றால், 5.8 கிகாஹெர்ட்ஸில் நடுப்பகுதியில் அந்த மண்டலத்தின் ஆரம் சுமார் 7 மீட்டர். 10 கிலோமீட்டர் என்றால் 11 மீட்டருக்கு மேல். அதில் குறைந்தது 60 சதவீதமாவது வெறும் காற்றாக இருக்க வேண்டும். 4 கிலோமீட்டர் லிங்க்குக்கு, நேர்க்கோட்டுக்குக் கீழே நாலரை மீட்டர் இடைவெளி வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் இந்த நாலரை மீட்டரைத் தின்பது பெரும்பாலும் சில்வர் ஓக் மரம்தான். காபிக்கு நிழலுக்காகவும் மிளகுக்கொடி ஏற்றவும் எஸ்டேட் முழுக்க நட்டிருப்பார்கள். நேராக, உயரமாக, வேகமாக வளரும். தை மாசி வறட்சியில் லிங்க் போடும்போது மரத்தின் தலைக்கு மேலே நன்றாகவே வழி இருக்கும். இரண்டு மழைக்காலம் போனால் தலை மண்டலத்துக்குள் நுழைந்திருக்கும். ஈர இலை காய்ந்த இலையைவிட அதிகமாக அலையை உறிஞ்சும். அதனால் "மழை பெய்தால் நெட் போகுது" என்று கஸ்டமர் சொல்வார். மழை மேல் பழி போடுவது தவறு. 5 கிகாஹெர்ட்ஸில் மழைத்துளியாலோ பனிமூட்டத்தாலோ ஏற்படும் இழப்பு பொருட்படுத்தக் கூடியதே அல்ல. இலைதான் காரணம். 60 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ வாங்கினால் கதை வேறு. அங்கே காற்றிலுள்ள ஆக்சிஜனே கிலோமீட்டருக்குச் சுமார் 15 டெசிபெல் தின்றுவிடும், மழை அதற்கும் மேல். ஒரே தெருவுக்குள் அது அருமையாக வேலை செய்யும். மேட்டுக்கு மேடு தாண்ட அதை நம்பக் கூடாது.

ஆகவே டவர் இடம் பார்க்கப் போகும்போது தோட்டக்காரரிடம் இரண்டு கேள்வி கேட்டு வையுங்கள். இந்த மரம் நட்டு எத்தனை வருடம் ஆச்சு, நிழல் மரத்தை எப்போது கவாத்து பண்ணுவீர்கள். இந்த இரண்டு பதிலும் எந்த மொபைல் ஆப்பிலும் கிடைக்காது.

அடுத்தது சிக்னல் கணக்கு. டெசிபெல் என்றால் பயப்பட வேண்டாம். 3 டெசிபெல் கூடினால் பலம் இரண்டு மடங்கு, 10 கூடினால் பத்து மடங்கு, தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபெல் இழப்பு. இந்த மூன்றும் மனதில் இருந்தால் போதும். சேலம் பக்கம் ஒரு மாடியிலிருந்து மலை விளிம்புக்கு 10 கிலோமீட்டர் லிங்க் என்று வைத்துக்கொள்வோம். டிஷ்ஷிலிருந்து வெளியேறும் பலம் 36 டிபிஎம் (சிக்னல் பலத்தை டெசிபெல் கணக்கில் சொல்லும் அளவு). வழியில் காற்றிலேயே இழப்பது சுமார் 128 டெசிபெல். எதிர்முனை டிஷ் 25 டெசிபெல் சேர்த்துக் கொடுக்கிறது. 36-ல் 128 போய் 25 சேர்ந்தால் மைனஸ் 67. சுற்றுப்புற இரைச்சல் மைனஸ் 95-ல் இருந்தால் 28 டெசிபெல் இடைவெளி, லிங்க் நன்றாகவே ஓடும். பக்கத்தில் இன்னும் நாலு பேர் ரேடியோ வைத்து இரைச்சல் மைனஸ் 85-க்கு ஏறினால் இடைவெளி 18-ஆகச் சுருங்கும். வேகம் பாதியாகிவிடும், போதாதற்கு அவ்வப்போது தடுமாறும்.

அதனால் லிங்க் போடும் நாளில் ஓடினால் போதும் என்று இறங்கிவிடக் கூடாது. பத்துப் பதினைந்து டெசிபெல் கையிருப்பு வைத்துத்தான் இறங்க வேண்டும். அனுப்பும் பலத்துக்கு அரசு வரம்பு உண்டு, ஆனால் பெரிய டிஷ் வைத்தால் வாங்கும் பக்கம் பலன் கூடும், பார்வையும் ஒடுங்கும், பக்கத்து இரைச்சல் உள்ளே வராது. இன்னொரு நல்ல வழி சேனலின் அகலத்தை, அதாவது ரேடியோ எடுத்துக்கொள்ளும் அலைவரிசையின் அளவை, குறைப்பது. 80 மெகாஹெர்ட்ஸிலிருந்து 20-க்கு இறங்கினால் 6 டெசிபெல் சும்மா கிடைக்கிறது. உச்ச வேகம் குறையும். ஆனால் மேட்டில் இருக்கும் அறுபது வீட்டுக்கு மாலை ஏழு மணிக்குத் தடுமாறாத 100 எம்பிபிஎஸ், காலையில் மட்டும் வரும் 400-ஐவிட மேல்.

இந்த அலைவரிசைக்குத் தனி உரிமம் வேண்டாம். 2.4 கிகாஹெர்ட்ஸை 2005-லும், 5 கிகாஹெர்ட்ஸில் 5150 முதல் 5350 வரையும் 5470 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரையும் 2018 அக்டோபரிலும் இந்திய அரசு உரிமத்திலிருந்து விலக்கியது. சின்ன நிறுவனங்களுக்குப் பெரிய வாசலைத் திறந்த அறிவிப்பு அது. அதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு: யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்றால், யாராவது குறுக்கே வந்தால் புகார் சொல்ல இடமில்லை. மே மாதக் கோடை விழாவுக்கு ஏற்காட்டில் விடுதிகள் நிரம்பும்போது எந்த அலைவரிசையில் எவ்வளவு நெரிசல் என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் ஸ்கேன் ஒருமுறை எடுத்துப் பாருங்கள், புரியும். அலைவரிசைக்கு உரிமம் வேண்டாம் என்றாலும் நெட் விற்கத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி கண்டிப்பாக வேண்டும். அந்த அனுமதியை ஏ, பி, சி என்று மூன்று வகையாக, ஏ நாடு முழுக்க, பி ஒரு மாநில வட்டத்துக்கு, சி அதைவிடச் சின்னப் பகுதிக்கு என்று பிரித்திருந்தார்கள். 2023 தொலைத்தொடர்புச் சட்டத்துக்குப் பிறகு இந்த முறை மாறிவருவதால், விண்ணப்பிக்கும் சமயத்தில் நடப்பு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அனுமதி உள்ள பெரிய நிறுவனத்தோடு பங்காளியாகச் சேர்ந்து தொடங்குவோரும் உண்டு.

கரண்ட்

இந்தத் தொழிலில் ரேடியோவைப் பற்றிப் பேசுபவர்கள் நிறைய, கரண்டைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. உண்மையில் நெட் போகும் காரணங்களில் பெரும்பங்கு கரண்ட்தான். இதற்கு நம்மூரிலேயே நல்ல சான்று இருக்கிறது. 2000-களின் நடுவில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, சுற்றுக் கிராமங்களில் இருந்த கண் பரிசோதனை மையங்களை நீண்ட தூர வைஃபை லிங்க்குகளால் இணைத்தது. கிராமத்தில் இருந்தபடியே நோயாளி மருத்துவமனையில் இருக்கும் டாக்டரோடு வீடியோவில் பேசினார். தொழில்நுட்பத்தைச் செய்து கொடுத்தது கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ப்ரூவர் தலைமையில் இயங்கிய குழு. தேனியிலும் இமாச்சலப் பிரதேசத்தின் தர்மசாலாவிலும் பல வருடம் இந்த மாதிரி லிங்க்குகளை ஓடவைத்துப் பார்த்த பிறகு 2008-ல் அவர்கள் எழுதியதன் சாரம் இதுதான்: பழுதுகளில் மிகப் பெரும்பாலானவை தரமில்லாத மின்சாரத்தால் வந்தவை.

தரமில்லாத என்பதைக் கவனியுங்கள். கரண்ட் இல்லாமல் போவது ஒரு பிரச்சினைதான். அதைவிட மோசம் பாதி இருப்பது. கடைசி டிரான்ஸ்ஃபார்மரில் மாலை நேரம் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 160 வரும். போன கரண்ட் திரும்பி வரும் நொடியில் ஒரு துள்ளு துள்ளும். அடாப்டர் அப்போதுதான் எரியும். பேட்டரி தீர்ந்துகொண்டே வரும்போது ரவுட்டர் அணைந்தும் அணையாமலும் தத்தளிக்கும். அந்த நிலையில் உள்ளே இருக்கும் மென்பொருள் கெட்டுப்போனால், கரண்ட் வந்த பிறகும் பெட்டி எழுந்திருக்காது. ஆள் மேடு ஏறித்தான் ஆக வேண்டும்.

இதற்குத் தீர்வு விலை குறைவானது. பேட்டரிக்கும் சாமானுக்கும் நடுவே, வோல்டேஜ் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் சுத்தமாகத் துண்டிக்கும் ஒரு சின்னக் கருவி. நல்ல சோலார் கண்ட்ரோலர்களில் அது உள்ளேயே இருக்கும். 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி என்றால் சுமார் 11.5-ல் துண்டித்து, 12.5-க்கு மேல் ஏறிய பிறகே திரும்பக் கொடுக்கும்படி வைத்தால், பெட்டி தத்தளிக்காது, பேட்டரியும் சீக்கிரம் சாகாது.

பேட்டரி எவ்வளவு வேண்டும் என்பதையும் தாளில் போட்டுப் பார்த்துவிடலாம். மேட்டில் மூன்று ரேடியோ, ஆளுக்கு 8 வாட், 24. ரவுட்டருக்கும், பல கேபிள்களை ஒன்றாக இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச்சுக்கும் 12. மொத்தம் 36 வாட். ஒரு நாளுக்கு 864 வாட் மணி. 12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்பியர் மணி) டியூபுலர் பேட்டரியில் 1,800 வாட் மணி இருக்கிறது, ஆனால் அதன் ஆயுளைக் காப்பாற்ற பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது. ஆக 900. புதுப் பேட்டரி ஒரு முழு நாள் தாங்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் எண்பது சதவீதம் வரை எடுக்கலாம், விலை அதிகம், ஆயுளும் அதிகம். மலை மேல் ஒரு பேட்டரியைத் தோளில் சுமந்து ஏற்றும் கூலியையும் சேர்த்துப் பார்த்தால் பல இடங்களில் லித்தியமே கட்டுபடி ஆகிறது.

இங்கே ஒரு விஷயம் பலர் கண்ணில் படுவதில்லை. வீட்டு இன்வெர்ட்டரை அப்படியே டவரில் வைத்தால், அது 12 வோல்ட்டை 230 ஆக்குகிறது, அடாப்டர் அதைத் திரும்ப 24 ஆகவோ 48 ஆகவோ இறக்குகிறது. இரண்டு முறை மாற்றும்போதும் இழப்பு. சும்மா இருக்கும்போதே இன்வெர்ட்டர் பத்து இருபது வாட் குடிக்கும். மொத்தமே 36 வாட் சாமான் இருக்கும் இடத்தில் அது பெரிய பங்கு. பேட்டரியிலிருந்து டிசி கன்வெர்ட்டர் வழியாக நேராக ரேடியோவுக்குக் கொடுத்தால் அதே பேட்டரி இன்னும் பல மணி நேரம் கூடுதலாகத் தாங்கும், எரிய ஓர் இன்வெர்ட்டரும் இருக்காது. சோலார் வைப்பவர்கள் ஏப்ரல் வெயிலைப் பார்த்து பேனல் வாங்கக் கூடாது. கார்த்திகை மார்கழியில் பகலெல்லாம் மூடுபனி நிற்கும் நாட்களுக்குக் கணக்குப் போட வேண்டும். அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெயின் சுவிட்சை நாமே அணைத்து, பேட்டரி எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று பார்த்து எழுதி வைக்க வேண்டும். பேட்டரி செத்துப்போனது கரண்ட் கட் அன்றைக்குத் தெரியக் கூடாது.

இடியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சித்திரை வைகாசிக் கோடை மழை இந்தப் பக்கம் வந்தால் இடியோடுதான் வரும். மேட்டின் உச்சியில் நிற்கும் இரும்பு நம் டவர். டவர் மேலேயே இடி விழுந்தால் சாமானைக் காப்பாற்ற முடியாது, அதற்கு மாற்றுச் சாமான் வைத்திருப்பதே வழி. ஆனால் பக்கத்தில் எங்கோ விழும் இடியால் கேபிளில் ஏறும் மின்னழுத்தத்தில்தான் அதிகம் எரிகிறது, அதைத் தடுக்கலாம். வெளியில் போகும் கேபிள் கவசம் உள்ளதாக இருக்க வேண்டும், இரண்டு முனையிலும் திடீரென்று ஏறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் வேண்டும், டவர், கேபிள் கவசம், பேட்டரிப் பெட்டி, இபி எர்த் எல்லாம் கம்பியால் ஒன்றாகச் சேர வேண்டும். டவருக்கு ஓர் எர்த், கட்டடத்துக்கு வேறொரு எர்த் என்று சேராமல் விட்டால், இடி நேரத்தில் இரண்டுக்கும் உள்ள மின்னழுத்த வித்தியாசம் நம் நெட்வொர்க் கேபிள் வழியாகத்தான் ஓடும். சேர்வராயன் மலையில் அடியில் சார்னோக்கைட் என்ற கடினமான பாறை. நாலு அடிக்கு மேல் எர்த் குழாய் இறங்காத இடங்கள் உண்டு. அங்கே ஆழத்துக்குப் போராடாமல், ஜிஐ பட்டையை (துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டை) மண் உள்ள திசைகளில் நீளமாக மேலாகவே புதைத்து, அளந்து பார்த்து, பத்து ஓமுக்குக் கீழே வரும் வரை நீட்டலாம். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும், டவர் உச்சிக்கும் கீழே இருக்கும் பெட்டிக்கும் நடுவே டேட்டாவுக்கு ஃபைபர் போட்டுவிடுங்கள். கண்ணாடி இழையில் மின்னல் ஏறாது.

மலைக்கு இரண்டு பாதை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இரண்டு ரோடு. ஒன்று அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் பிரதானப் பாதை. மற்றது குப்பனூர் வழியாகக் கொட்டச்சேடு ஏறி வருவது. நெட் வாங்குபவர்களுக்கு இது பெரிய வரம். இரண்டு லைன் வாங்கினால் ஒன்று இந்த ரோடு வழியாகவும் இன்னொன்று அந்த ரோடு வழியாகவும் வர முடியும்.

முடியும் என்பதற்கும் வருகிறது என்பதற்கும் வித்தியாசம் உண்டு. இரண்டு வெவ்வேறு கம்பெனியிடம் வாங்கிவிட்டோம், பில்லும் இரண்டு வருகிறது, ஆகவே பாதுகாப்பு என்று நினைப்பது வழக்கம். ஆனால் ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியின் ஃபைபரில் இடம் வாடகைக்கு எடுத்திருக்கலாம், அல்லது இரண்டு கேபிளும் ஒரே கம்பங்களில் மேலும் கீழுமாக வரலாம். விற்பனைக்கு வருபவருக்கே அது தெரியாது. கம்பம் ஏறும் லைன்மேனிடம் "அண்ணே, இது எந்த ரோடு வழியா மேல வருது?" என்று கேட்டால் உடனே பதில் கிடைக்கும். "ரெண்டும் ஒண்ணாத்தான் தம்பி ஏறுது, மேல வந்துதான் பிரியுது" என்று அவர் சொன்னால், கணக்கில் அது ஒரு லைன்தான். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு கொட்டிய மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அந்த மாதிரி ஒரு சரிவு கம்பத்தைச் சாய்க்கும்போது எத்தனை கேபிள் போகும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இந்த இரண்டு ரோட்டுக்கும் சம்பந்தமே இல்லாத மூன்றாவது வழி வானத்தில் இருக்கிறது. ஏற்காட்டின் லேடீஸ் சீட் என்ற காட்சி முனையில் நின்றால் சேலம் நகரம் மொத்தமும் கீழே தெரிகிறதே, அதே பார்வை ரேடியோவுக்கும் உண்டு. சேலம் 300 மீட்டருக்குக் கொஞ்சம் கீழே, ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில். நடுவழியில் மறைக்க எதுவும் கிடையாது. இரண்டு முனையிலும் பக்கத்தில் இருக்கும் மரத்தையும் மாடியையும் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். ஃபைபர் அளவு வேகம் வராது. ஆனால் மண்சரிவும், ரோடு வெட்டும் பொக்லைனும் அதைத் தொடாது. ஒரே ஒரு ஃபைபர் வாங்க மட்டுமே காசு இருக்கும் நிறுவனம், இரண்டாவது ஃபைபருக்குப் பதில் இந்த ரேடியோவைப் போடுவதையே நான் சொல்வேன்.

மலைக்குள்ளும் இதே யோசனைதான். மேடுகளை ஒரு வரிசையாக இணைக்காமல் வட்டமாக இணைத்தால், எந்த ஒரு லிங்க் போனாலும் நெட் மறுபக்கமாகச் சுற்றி வரும். இதைத் தானாகச் செய்ய ஒவ்வொரு மேட்டிலும் ஒரு ரவுட்டரும் ஓஎஸ்பிஎஃப் மாதிரி ஒரு வழிகாட்டு முறையும் வேண்டும். தொடக்கத்தில் பலர் எல்லாவற்றையும் ஒரே பெரிய ஸ்விட்ச்சாக இணைத்துவிடுகிறார்கள். இருபது வீடு வரை ஓடும். அதற்கு மேல் ஒரு வீட்டில் ரவுட்டரின் கேபிளைத் தவறான ஓட்டையில் செருகினாலே மலை முழுக்க நெட் தடுமாறும். மேட்டுக்கு மேடு தனி நெட்வொர்க்காகப் பிரித்துவிட்டால் அந்தத் தவறு அந்த மேட்டோடு நிற்கும். ஓஎஸ்பிஎஃப் சும்மா விட்டால் ஒரு லிங்க் செத்ததைக் கண்டுபிடிக்க 40 நொடி வரை எடுக்கும். பிஎஃப்டி என்ற துணை வசதியைச் சேர்த்தால் ஒரு நொடிக்குள் மாறும்.

மாற்று வழி வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? ஒரு மதிய நேரத்தில், கஸ்டமர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, பிரதான லைனை நாமே பிடுங்கிப் பார்ப்பதுதான் வழி. பல வருடமாக மாற்று லைனுக்குப் பணம் கட்டிவிட்டு, தேவைப்பட்ட அன்று அதில் கணக்கு லாகின் ஆகாமல் நிற்பது அடிக்கடி நடக்கிற விஷயம்.

நெட் இருக்கு, ஆனா ஓடலை

லைட்டெல்லாம் பச்சையாக எரிகிறது, சிக்னல் நன்றாக இருக்கிறது, ஆனாலும் மாலையில் வீடியோ கால் உறைந்து நிற்கிறது. கஸ்டமருக்கு இதுவும் நெட் போனதுதான். காரணம் பெரும்பாலும் ரேடியோவுக்கு முன்னால் நிற்கும் வரிசை. கொண்டை ஊசி வளைவில் நாலு லாரி ஏறும்போது பின்னால் வரும் பைக்கும் அதே வேகத்தில்தான் ஊர வேண்டியிருக்கிறது அல்லவா, அதுபோல ஒரு வீட்டில் சினிமா டவுன்லோடு ஓடினால் பக்கத்து வீட்டு வீடியோ காலின் சின்னச் சின்னப் பொட்டலங்கள் (டேட்டாவைத் துண்டு துண்டாக அனுப்பும் பாக்கெட்டுகள்) அதன் பின்னால் மாட்டிக்கொள்கின்றன. கருவிகளில் நினைவகம் மலிவாகிவிட்டதால் இந்த வரிசையை மிக நீளமாக வைத்துவிட்டார்கள். பொட்டலம் தொலைவதில்லை, ஒரு நொடி இரண்டு நொடி தாமதமாக வருகிறது. பேச்சுக்கு அது தொலைந்ததற்குச் சமம்.

இந்தக் கோளாறுக்கு பஃபர்ப்ளோட் என்று பெயர் வைத்தவர் ஜிம் கெட்டிஸ். இதைத் தீர்ப்பதற்காக வருடக்கணக்கில் உழைத்தவர்களில் ஒருவர், 2025-ல் மறைந்த டேவ் டாட். எஃப்க்யூ-கோடெல், கேக் என்ற வரிசை முறைகள் அந்தக் கூட்டு உழைப்பில் வந்தவை. ஒவ்வொரு உரையாடலுக்கும் தனி வரிசை கொடுத்து, வரிசை நீளும்போது முன்கூட்டியே அனுப்புபவரை மெதுவாக்கச் சொல்லும். இரண்டும் இலவசம். லினக்ஸிலும், மைக்ரோடிக் ரவுட்டர்களின் ஏழாம் பதிப்பு மென்பொருளிலும் இருக்கின்றன. சின்ன நிறுவனங்களுக்காகவே லிப்ரேக்யூஓஎஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஒரு பழைய சர்வரில் போட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு மேட்டுக்கும் எவ்வளவு வேகம் என்று சொல்லிவிட்டால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். சேலத்தில் கூடுதல் பேண்ட்வித் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள். பாதிப் புகார் அடங்கிவிடும்.

மீதியில் ஒரு பகுதி ஒரே ஒரு வீட்டால் வருவது. மரம் மறைத்து மைனஸ் 80-ல் தொங்கும் ஒரு வீட்டுக்கு ஒரு படம் அனுப்ப, நல்ல சிக்னல் உள்ள வீட்டைப் போலப் பத்து மடங்கு நேரம் டவர் செலவழிக்கிறது. அந்த நேரத்தில் மற்ற எல்லோரும் காத்திருக்க வேண்டும். "பரவாயில்லை தம்பி, மெதுவா வந்தாலும் போதும், கொடுத்துடுங்க" என்று அந்த வீட்டுக்காரர் சொல்வார். மனசு இளகி ஒத்துக்கொள்ளக் கூடாது. குழாயை உயர்த்த முடியுமா, பக்கத்து வீட்டுக் கூரையிலிருந்து கேபிள் இழுக்க முடியுமா என்று பார்த்துவிட்டு அப்புறம் கொடுக்கலாம்.

கஸ்டமர் போன் பண்ணும் முன்

எல்லா ரேடியோவையும் ரவுட்டரையும் நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்து, சிக்னலையும் பேட்டரி வோல்டேஜையும் பதிவு செய்யும் மென்பொருள் ஒன்று முதல் நாளிலிருந்தே ஓட வேண்டும். லிப்ரேஎன்எம்எஸ், ஜாபிக்ஸ் என்று இலவசமாகவே இருக்கின்றன. அந்த வரைபடங்களைப் படிக்கப் பழகினால் மேடு ஏறாமலேயே பாதி வியாதியைச் சொல்லிவிடலாம். சிக்னல் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல 3, 4 டெசிபெல் இறங்கினால் மரம். மழைக்கு மட்டும் இறங்கி வெயிலில் ஏறினால் ஈர இலை, அல்லது கனெக்டருக்குள் தண்ணீர். ஒரே நாளில் சட்டென்று பத்து இறங்கினால் காற்றிலோ குரங்கு ஏறியோ டிஷ் திரும்பியிருக்கிறது. சிக்னல் அப்படியே இருந்து வேகம் மட்டும் போனால் புதிதாக யாரோ ரேடியோ வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் தெரிய, லிங்க் போட்ட அன்று என்ன எண் இருந்தது என்று எழுதியிருக்க வேண்டும். எண், தேதி, டிஷ் நிற்கும் கோணம், மேலிருந்து எதிர்முனையைப் பார்த்து எடுத்த ஒரு போட்டோ. அடுத்த வருடம் மரம் எவ்வளவு வளர்ந்தது என்று அந்தப் போட்டோ சொல்லும்.

டவரில் எத்தனை மாடல் ரேடியோ ஓடுகிறதோ அதில் ஒவ்வொன்றும் கையிருப்பில் இருக்க வேண்டும், அதுவும் சேலத்துக் கடையில் அல்ல, மலை மேலேயே. மாடல்களைக் குறைத்தால் கையிருப்புச் செலவும் குறையும், அதனால் புது மாடல் வரும்போதெல்லாம் வாங்கும் ஆசையை அடக்குவது நல்லது. எல்லா ரவுட்டரின் அமைப்புகளும் தினமும் தானாக வேறிடத்தில் நகலாக வேண்டும். அதிலிருந்து புதுப் பெட்டியை அரை மணியில் எழுப்பிவிடலாம்.

ஆள் விஷயமும் சாமான் மாதிரியே. எல்லாப் பாஸ்வேர்டும் எல்லா நுணுக்கமும் ஒரே ஆள் தலையில் இருந்தால், அவருக்குக் காய்ச்சல் வந்த அன்று நெட்வொர்க்குக்கும் காய்ச்சல்தான். மேட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் ஓர் எலக்ட்ரீஷியனோ படித்த பையனோ பெண்ணோ இருந்தால், பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றவும், வோல்டேஜ் அளக்கவும், பெட்டி மாற்றவும் சொல்லிக்கொடுத்து மாதச் சம்பளம் கொடுங்கள். சேலத்திலிருந்து ஒருவர் இரவில் மூடுபனிக்குள் இருபது வளைவு ஏறி வருவதைவிட அது மலிவு, அவருக்கும் நல்லது.

டவர் ஏறுபவருக்கு முழு உடல் பெல்ட்டும் இரண்டு கொக்கியும் கட்டாயம். இடுப்பில் கட்டும் கயிறு போதாது. ஈரத்தில் ஏறக் கூடாது, இடிச் சத்தம் காதில் விழும் தூரத்தில் மேகம் இருந்தால் கீழே இறங்கிவிட வேண்டும், இருட்டிய பிறகு ஏறவே கூடாது. எத்தனை பேர் போன் பண்ணினாலும் இதில் விலக்கு கிடையாது. வட்டமாக இணைத்த லிங்க்கும், ஒரு நாள் தாங்கும் பேட்டரியும் இருந்தால் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு ரேடியோ செத்தாலும் கஸ்டமருக்குத் தெரியாது. காலையில் வெளிச்சம் வந்து, கம்பி காய்ந்த பிறகு, நிதானமாக ஏறி மாற்றிக்கொள்ளலாம்.